ஆவண மென்பொருளுக்கான ஆயிரக்கணக்கான தானியங்கிச் சோதனைகளை ஒழுங்காக அடுக்கி ஓட்டுவது எப்படி

வருடிய (ஸ்கேன் செய்த) காணி உறுதியிலிருந்து பரப்பையும் எல்லைகளையும் எடுத்தல், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுதல், மும்மொழிப் படிவத்தை நிரப்பிப் பிடிஎஃப் ஆக்குதல். யாழ்ப்பாணத்தில் ஆவண மென்பொருள் எழுதும் சிறிய குழு ஒன்றின் மேசைக்கு இப்படியான வேலைகள்தான் வந்து சேரும். இந்த வேலைகள் சரியாக நடக்கின்றனவா என்று நிரலே பார்க்கும் சோதனைகள் இருநூறு முன்னூறு இருக்கும்வரை அவற்றை எப்படி அடுக்கினாலும் ஓடிவிடும். ஐயாயிரத்தைத் தாண்டினால் அடுக்கு முறைதான் எல்லாம்.

பெரிய தொகுப்பின் தரத்தை அளக்க ஒரு கேள்வி போதும். காலையில் பெயிலாகிச் சிவப்பாக நிற்கும் சோதனையைத் திறந்தால், எது உடைந்தது என்று ஐந்து நிமிடத்துக்குள் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் நாளடைவில் யாரும் சிவப்பைப் பார்க்கமாட்டார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு ஏற்பாடும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

மாதிரிக் கோப்புகள்

வாடிக்கையாளரின் உண்மையான உறுதியையோ பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையோ சோதனைக் கோப்புறைக்குள் போடாதீர்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், தாய் தந்தை விபரம் எல்லாம் அதில் இருக்கும். நிரலின் மாற்றங்களையெல்லாம் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் ஒருமுறை போன கோப்பு வரலாற்றில் தங்கிவிடும், பிறகு அழித்தாலும் பழைய கொமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) கிடக்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம் இது.

மாதிரியை நீங்களே செய்யுங்கள். கற்பனைப் பெயர்களோடு ஓர் உறுதியைத் தட்டச்சிட்டு அச்சிட்டு, அதன்மேல் இறப்பர் முத்திரை குத்தி, போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை இன்னொரு கொப்பி எடுத்து வருடுங்கள். 200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) ஒன்று, 300 டிபிஐயில் ஒன்று, தாளை ஒன்றிரண்டு பாகை சரித்து வைத்து ஒன்று. கணினியில் மங்கலாக்கிச் செய்யும் போலி வருடல்களில் முத்திரை மை எழுத்தின் மேல் படிவதும், நடு மடிப்புக் கோடு வரியை வெட்டுவதும் சரியாக வராது. படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் ஓசிஆர் தடுமாறுவது அந்த இடங்களில்தான்.

போலி அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரு வழி உண்டு. இலங்கை அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் பிறந்த நாளின் வரிசை எண்ணும் இருக்கும். அந்த வரிசை எண் ஆண்களுக்கு 1 முதல் 366 வரை வரும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆகவே 367 முதல் 500 வரையான எண் எவருக்கும் உரியதாக இருக்க முடியாது. இலக்கத்தைப் பக்கத்திலிருந்து பிரித்தெடுக்கும் சோதனைக்கு இந்த இடைவெளியிலிருந்து எடுங்கள். இலக்கம் செல்லுமா என்று பார்க்கும் சோதனைக்கு அது உதவாது. அதற்கு 2095 போன்ற வராத ஆண்டைப் போட்டுப் புதிய 12 இலக்க வடிவில் செய்யுங்கள். நாள் எண்ணைத் திகதியாக மாற்றும் பகுதிக்குத் தனிச் சோதனை கட்டாயம் வேண்டும். சாதாரண ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுவதால் மார்ச் 1 எப்போதும் 61. பைதனின் வழக்கமான திகதிக் கணக்கை அப்படியே போட்டால் மார்ச் 1 தொடக்கம் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிசகும், நெட்டாண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் சரியாக வரும். நெட்டாண்டு மாதிரி ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இந்தப் பிழை பிடிபடாது.

மாதிரியை இயன்றவரை சிறிதாக்குங்கள். 200 பக்க வர்த்தமானியில் ஒரு பக்கத்து அட்டவணை உடைந்தால் அந்த ஒரு பக்கம் போதும். ஆனால் அதைப் ‘பிடிஎஃப் ஆக அச்சிடு’ என்று கொடுத்துப் பிரிக்காதீர்கள். அப்படிச் செய்தால் எழுத்துருக்கள் புதிதாக உட்பொதிக்கப்பட்டு, நீங்கள் பிடிக்க நினைத்த பிழையே மறைந்துவிடும். கியூபிடிஎஃப் போன்ற கருவியால் பக்கத்தைப் பிரித்தால் உள்ளே இருக்கும் எழுத்துருவும் உள்ளடக்க ஓடையும் மாறாமல் வரும். வேர்ட் கோப்பும் அப்படித்தான். வேர்டில் திறந்து மீண்டும் சேமித்தால் எக்ஸ்எம்எல் முழுவதும் திரும்ப எழுதப்படும். சிப் கோப்பாக விரித்து, வேண்டாத பந்திகளைக் கையால் வெட்டி, திரும்பக் கட்டுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது யார் அனுப்பியது என்பதை விட்டு, எதைச் சோதிக்கிறது என்பதைப் பெயராக்குங்கள்: ‘பாமினி, எழுத்துரு பாணியில் மட்டும்’, ‘உறுதி, முத்திரை குழி எண்ணின் மேல்’. ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் ஒரு சிறிய யாமல் (எளிய உரை வடிவக்) கோப்பு இருக்கட்டும். அதில் எந்தப் பிழைக்காகச் சேர்த்தது, எப்படித் தயாரித்தது, என்ன எழுத்துரு, எந்தக் கட்டங்களில் ஓட வேண்டும் என்று நாலு வரி போதும். மூன்று வருடம் கழித்து அந்தச் சோதனை உடையும்போது, அதை நீக்கலாமா திருத்த வேண்டுமா என்று தீர்மானிக்கப்போவது அந்த நாலு வரியைப் பார்த்துத்தான். பெரிய படக் கோப்புகளை, கிட்டின் பெரிய கோப்பு நீட்சியான எல்எஃப்எஸ்ஸில் வையுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 கையொப்பத்தை யாமலில் எழுதி வைத்தால் இரட்டைக் கோப்புகளும், யாரோ தெரியாமல் மாற்றிய கோப்புகளும் உடனே தெரியும். சரியான வெளியீடு இதுதான் என்று எழுதிவைத்த எதிர்பார்ப்பு உரைக் கோப்புகளுக்குக் கிட் வரிமுடிவை மாற்றக்கூடாது என்று கிட் பண்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். விண்டோஸ் கணினியில் எடுத்தவருக்கு மட்டும் ஆயிரம் சோதனை பெயிலாவதன் காரணம் அனேகமாக அதுதான்.

கட்டங்களைப் பிரித்தல்

ஆவணம் உள்ளே போய் வெளியே வருவதற்குள் பல கட்டங்களைக் கடக்கிறது: படத்தை நேராக்கல், பந்தி பிரித்தல், ஓசிஆர், அட்டவணை எடுத்தல், புலங்களை அடையாளம் காணல், வெளியீடு. எல்லாச் சோதனையையும் வருடிய படத்தில் தொடங்கி இறுதி வெளியீடுவரை ஓட்டினால், டெஸரக்ட் என்ற ஓசிஆர் நிரலின் பதிப்பை மாற்றிய அன்று எல்லாமே சிவக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்திய கட்டத்தின் வெளியீட்டைச் சேமித்து உள்ளீடாகக் கொடுங்கள். அட்டவணைச் சோதனை படத்தைத் தொடவே கூடாது. ஓசிஆர் தந்த சொற்களும் அவற்றின் இடக்குறிகளும் அடங்கிய கோப்பிலிருந்து அது தொடங்கட்டும். முழு வழியையும் ஓட்டும் சோதனைகள் ஐம்பதுக்குள் இருந்தால் நல்லது, ஒவ்வொரு ஆவண வகைக்கும் இரண்டு மூன்று. அடியில் மில்லி செக்கனில் முடியும் சிறிய சோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்: எழுத்துரு மாற்றம், திகதி, தொகை, அடையாள அட்டை, காணி அளவுகளான பரப்பு, குழி.

ஓட்டமும் மூன்றாகப் பிரியும். கொமிட் செய்யுமுன் ஓடுவது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இணைப்புக் கோரிக்கைக்கு (மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்கக் கேட்கும்போது) ஓடுவது கால் மணிநேரத்துக்குள். மிச்சம் எல்லாம் இரவுக்கு. பைதனில் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியின் அடையாளக் குறிகளால் பிரிப்பதைவிடக் கோப்புறைகளால் பிரிப்பது மேல். குறியை இட மறப்பார்கள், கோப்பை எங்கோ ஓர் இடத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு சோதனைக்குள் சுற்று வைத்து நூறு கோப்பை ஓட்டாதீர்கள். மூன்றாவது கோப்பில் விழுந்தால் மற்றத் தொண்ணூற்றேழும் ஓடாது, அறிக்கையில் ஒரே ஒரு பெயில் என்று நிற்கும். கோப்புக்கு ஒரு சோதனை என்று அளபுருவாக்கம் செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது பட்டியல் திரட்டும் கட்டத்தில் யாமலை மட்டும் வாசியுங்கள். அங்கேயே பிடிஎஃப்களைத் திறக்கத் தொடங்கினால் ஒரு சோதனையை மட்டும் ஓட்ட நினைப்பவரும் எல்லாக் கோப்பும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒப்பிடுதல்: கவனம் முழுவதும் வேண்டிய இடம்

பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுவது ஆவணங்களுக்குச் சரிவராது. பிடிஎஃப்பில் உருவாக்கிய நேரமும் கோப்பு அடையாளமும் ஒவ்வொரு முறையும் மாறும். வேர்ட் கோப்பு உள்ளே ஒரு சிப், அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் நேர முத்திரை இருக்கிறது. ஆகவே உள்ளடக்கத்தை வெளியே எடுத்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடுவதுதான் வழக்கம். வடிவத்தை ஒழுங்காக்கும் அந்தப் படியிலேயே பிழை ஒளிந்துகொள்ளும். இதை வடிவாகக் கவனிக்க வேண்டும்.

‘கொ’ என்பதை எடுங்கள். யூனிகோடில் க என்ற எழுத்தும் ொ என்ற ஒற்றைக் குறியும் சேர்ந்தால் போதும். க, ெ, ா என்று மூன்றாக எழுதினாலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். பாமினியில் ெ முதலில், பிறகு க, பிறகு ா என்று கிடக்கும். மாற்றி எழுதும் நிரல் ‘ெ, க’ என்ற இரண்டை முதலில் பிடித்துக் ‘கெ’ ஆக்கிவிட்டால் ா தனியே மிஞ்சும், மூன்று குறிகள் கொண்ட ‘கொ’ வெளியே வரும். வாசிக்கலாம், அச்சிடலாம், ஆனால் தேடினால் அகப்படாது. உங்கள் ஒப்பீட்டுச் செயற்கூறு இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) ஆக்கிவிட்டு ஒப்பிட்டால் இரண்டும் சமமாகிவிடும், சோதனை பச்சையாகும். எனவே எழுத்துரு மாற்றும் நிரலுக்கான சோதனைகள் என்எஃப்சி இல்லாமல் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட வேண்டும். மேற்கட்டச் சோதனைகளில் என்எஃப்சி போடலாம், ஆனால் ‘வெளியீடு ஏற்கெனவே என்எஃப்சியில் இருக்கிறதா’ என்று தனியே ஒரு சோதனை நிற்கட்டும். இடைவெளிகளை ஒடுக்குவதற்கும் இதே விதிதான்.

என்எஃப்சி சரிசெய்யாதவையும் உண்டு. பாமினியில் ௌ என்பதன் பின்பாதியும் ள என்ற எழுத்தும் ஒரே விசை. ‘கௌரி’, ‘கெளிறு’ இரண்டும் ெ, க, ள என்றே தொடங்கும். ளவுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது எழுத்து என்று தீர்மானிக்கலாம், வேறோர் எழுத்து வந்தால் சொற்பட்டியல் துணை வேண்டும். சோதனையில் கௌரி, கெளிறு, வௌவால், வெள்ளி நான்கும் இருக்க வேண்டும். ஒன்றுக்காகத் திருத்தினால் மற்றது உடையும். ‘ஸ்ரீ’ என்பதை ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம், திரையில் ஒரே உருவம். ா என்ற குறியும் ர என்ற எழுத்தும், ஔ என்பதும் ஒ, ள என்ற இரண்டும், க என்பதும் தமிழ் எண் ௧ என்பதும் ஓசிஆரில் அடிக்கடி மாறிவிழும்.

இதனால்தான் பெயில் செய்தி முக்கியம். ‘எதிர்பார்த்தது பௌர்ணமி, வந்தது பெளர்ணமி’ என்று காட்டினால் பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். வேறுபடும் சொல்லை மட்டும் எடுத்து, அதன் குறியீட்டுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெயரோடு அச்சிடும்படி ஒப்பீட்டுச் செயற்கூறை எழுதுங்கள். அரை நாள் வேலை, அதன் பயன் வருடக்கணக்கில் கிடைக்கும்.

இன்னொரு பொறி மும்மொழிப் படிவங்களில் இருக்கிறது. தமிழ் உரையில் வேண்டாமல் வரும் பூச்சிய அகல எழுத்துகளை நீக்கும் செயற்கூறு ஒன்றை அனேகமானோர் எழுதுவார்கள். அதையே முழு ஆவணத்துக்கும் ஓட்டினால் சிங்களம் உடையும். சிங்களக் கூட்டெழுத்துகளுக்குப் பூச்சிய அகல இணைப்பான் அவசியம். சிங்களத்தில் இலங்கையின் பெயரிலேயே அது வருகிறது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த குழுவின் கண்ணுக்கு இது படாது, அதனால் சிங்கள வரிகள் கொண்ட மாதிரி ஒன்றைக் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும் சோதனை கட்டாயம் வையுங்கள்.

பாமினி ஆவணத்தில் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ கலந்திருந்தால், எழுத்தை மட்டும் பார்த்து எது தமிழ் என்று சொல்ல முடியாது, பாமினி எழுத்துகள் எல்லாம் ஆங்கில விசைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துருவின் பெயரைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பெயர் உரைத் துண்டிலேயே இருக்கலாம், பந்திப் பாணியிலிருந்து வரலாம், ஆவணத்தின் இயல்புநிலையிலிருந்தும் வரலாம். மூன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி வேண்டும். ஒரே சொல்லின் நடுவில் எழுத்துரு மாறும் மாதிரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓசிஆர் வெளியீட்டை எழுத்துப் பிசகாமல் ஒப்பிடுவதில் பயனில்லை. எழுத்துப் பிழை வீதத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எல்லை வையுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக 5 வீதம் என்று வைத்தால், தெளிந்த பக்கம் 0.5 வீதத்திலிருந்து 4 வீதத்துக்குக் கெட்டாலும் பாஸாகும். இன்றைய வீதத்தைப் பதிந்து வைத்து, அதைவிட அரை வீதம் கூடினால் பெயில் என்று வையுங்கள். குறைந்தால் பதிவைக் கீழே இறக்கச் சொல்லி அறிக்கை வரட்டும். பழைய அச்சு நூல்களைக் கையாளுபவர்கள் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா வடிவங்களும் துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை வடிவங்களும் உள்ள பக்கங்களைத் தனிக் கோப்புறையாக வைத்து அளக்க வேண்டும். புதிய எழுத்துப் பக்கங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அவற்றின் நிலைமை தெரியாது.

சராசரி மறைப்பது இன்னும் இருக்கிறது. 2,000 எழுத்துள்ள பக்கத்தில் 1 வீதப் பிழை என்றால் 20 எழுத்து. அந்த இருபதில் ஒன்று உறுதி இலக்கத்திலோ காணியின் பரப்பிலோ விழுந்தால் வெளியீடு குப்பை. ஆகவே முக்கிய புலங்களை எழுத்துப் பிசகாமல் ஒப்பிடுங்கள், மிச்ச உரைக்கு வீதம் போதும். அதோடு, எதிர்பார்ப்புக் கோப்பே தேவைப்படாத விதிச் சோதனைகள் சிலவற்றையும் எழுதலாம். யாழ்ப்பாணத்தில் பரப்புக்கு லாச்சம் என்றும் பெயர். வரகு லாச்சக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, நெல் லாச்சக் கணக்கில் 12 குழி. எனவே ‘2 பரப்பு 23 குழி’ என்று வெளியீடு வந்தால் ஓசிஆர் எங்கோ வழுக்கியிருக்கிறது, அல்லது ‘2 3/4’ என்ற பின்னத்தின் மேல் எண்ணை முழு எண்ணோடு ஒட்டிவிட்டது. நான்கு எல்லைகளில் ஒன்று வெறுமையாக வந்தாலும் அப்படியே. இந்த விதிகளை இரவு ஓட்டத்தில் எல்லா உறுதி மாதிரிகள் மீதும் ஓட்டுங்கள். தொகைகளுக்கும் ஒரு விதி வையுங்கள்: மொழியைத் தமிழ் என்று மட்டும் கொடுத்தால் நூலகங்கள் 12,50,000 என்று இந்திய முறையில் காற்புள்ளி போடும், இங்கே படிவங்களில் வேண்டியது 1,250,000.

பக்கத் தோற்றத்தை ஒப்பிட 150 டிபிஐ போதும். ஏ4 பக்கம் 1240க்கு 1754 புள்ளிகளாக வரும். படத்தை ஒப்பிடுமுன் பக்க எண்ணிக்கையையும் எழுத்துருப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். லதா எழுத்துரு விண்டோஸில் கிடைக்கும், சோதனைகளைத் தனியே ஓட்டும் மூடிய சூழலான லினக்ஸ் கொள்கலனில் இருக்காது. இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று அமைதியாக வந்து உட்காரும், எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகும். மைக்ரோசொஃப்ட் எழுத்துருவைக் கொள்கலனுக்குள் பிரதிசெய்ய உரிமமும் இடம்தராது. மாதிரி ஆவணங்களை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவில் செய்து, அதன் பதிப்பைப் பூட்டி வையுங்கள். சோதனை தொடங்கும்போதே ஒவ்வொரு எழுத்துருப் பெயருக்கும் எந்தக் கோப்பு கிடைக்கிறது என்று பார்த்து, பிழையானால் முழு ஓட்டத்தையும் அங்கேயே நிறுத்துங்கள். ஒரே காரணத்துக்கு நானூறு பெயில் வருவதைவிட ஒரு தெளிவான செய்தி எவ்வளவோ மேல்.

ஒரே நேரத்தில் பல ஓட்டுதல்

பைடெஸ்டுக்கு எக்ஸ்டிஸ்ட் நீட்சியைப் போட்டு எட்டுத் தொழிலாளிகளை (ஒரே நேரத்தில் சோதனைகளை ஓட்டும் செயன்முறைகளை) ஓட விடுவது எளிது. அதற்குப் பின் வரும் சிக்கல்கள் நான்கு வகை.

ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும் லிப்ரே ஒபிஸ் ஒரு பயனர் கோப்புறைக்கு ஒரு செயன்முறைதான் ஓடும். இரண்டாவதாகத் தொடங்குவது வேலையை முதலாவதிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறும், சோதனைக்குப் பிடிஎஃப் கிடைக்காது, பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ‘யூசர் இன்ஸ்டலேஷன்’ அமைப்பில் வெவ்வேறு தற்காலிகக் கோப்புறை கொடுங்கள். கெட்ட கோப்பில் அது தொங்கினால் நேர எல்லையில் கொல்ல வேண்டும், ஆனால் தொடக்கிய செயன்முறையை மட்டும் கொன்றால் அதன் கீழ் ஓடும் உண்மையான நிரல் உயிரோடு கிடந்து அடுத்த சோதனையையும் கெடுக்கும். செயன்முறைக் குழுவையே கொல்லுங்கள்.

டெஸரக்ட் தானாகவே பல இழைகளை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளை) திறக்கும். எட்டுத் தொழிலாளிகள், ஒவ்வொன்றுக்கும் நாலு இழை என்று முப்பத்திரண்டும் செயலியின் எட்டுக் கருவில் மோதினால் ஓட்டம் ஒன்றையொன்று இழுத்து மெதுவாகும். ‘ஓஎம்பி திரெட் லிமிட்’ சூழல் மாறியை 1 ஆக்குங்கள்.

நினைவகத்தைக் கணக்குப் போட்டே தொழிலாளி எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள். 300 டிபிஐ வண்ண ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளி, சுருக்காமல் ஏறத்தாழ 26 மெகாபைட். நேராக்கல், சுத்தமாக்கல் என்று நாலு பிரதி கையில் இருந்தால் பக்கத்துக்கு 104. பத்துப் பக்க ஆவணத்தை ஒரேயடியாக ஏற்றினால் ஒரு தொழிலாளிக்கு ஒரு கிகாபைட், எட்டுக்கு எட்டுக் கிகாபைட். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒன்றைக் கொல்லும், கொள்கலன் 137 என்ற வெளியேற்றக் குறியோடு நிற்கும், ஒவ்வொரு முறையும் வேறு சோதனை பெயிலானதாகத் தெரியும். அந்த இலக்கத்தைக் கண்டால் சோதனையை ஆராயாமல் தொழிலாளிகளைக் குறையுங்கள்.

நாலாவது, பைடெஸ்டின் ‘செஷன்’ அளவிலான தயாரிப்புகள் (சோதனைகளுக்கு முன் ஓடும் ஆயத்தங்கள்) எக்ஸ்டிஸ்டில் தொழிலாளிக்கு ஒருமுறை நடக்கும், முழு ஓட்டத்துக்கு ஒருமுறை நடக்காது. பாரமான மாதிரிகளை அங்கே உருவாக்கினால் எட்டுத் தடவை உருவாகும். ஒரே பெயரில் எழுதினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும்.

நீளமான சோதனைகளை முதலில் தொடங்குங்கள். கடைசியில் தொடங்கிய எட்டு நிமிடச் சோதனை ஒன்றுக்காக ஏழு தொழிலாளிகள் சும்மா இருப்பதைத் தவிர்க்க, முந்திய இரவின் நேரப் பதிவை வைத்து வரிசைப்படுத்தலாம். முடிவுகளை ஓட்டம் முடிந்ததும் மொத்தமாக எழுதாமல், சோதனைக்கு ஒரு வரியாக உடனுக்குடன் கோப்பில் எழுதுங்கள். மின்வெட்டு வந்தாலும், மின்கலம் தாங்காமல் கணினி அணைந்தாலும், எழுதிய வரிகளைத் தவிர்த்து மிச்சத்தை ஓட்டலாம்.

சில நேரம் பாஸ், சில நேரம் பெயில்

முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள். சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ சேர்வர் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், இலங்கை 5.30 மணி முன்னால். நள்ளிரவு தொடக்கம் காலை ஐந்தரைவரை இங்கே ஒரு திகதி, சேர்வரில் முந்திய திகதி. ‘இன்றைய திகதி’ அச்சிடும் படிவச் சோதனை பகலில் பாஸாகி இரவு இரண்டு மணி ஓட்டத்தில் விழுவது இதனால்தான். நிரலுக்கு நேரத்தை வெளியிலிருந்து கொடுங்கள், சோதனையில் நிலையான நேரத்தைப் போடுங்கள். பழைய கோப்புகளின் நேரத்தை வாசிக்கும் மென்பொருளானால் இன்னும் கவனம் வேண்டும்: 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் யூடிசிக்கு 6.30 மணி முன்னாலும், அதே ஆண்டு ஒக்டோபரில் 6 மணி முன்னாலும் மாறி, 2006 ஏப்ரலில்தான் 5.30க்குத் திரும்பியது. எங்கும் 5.30 என்று நிலையாகக் கூட்டும் நிரல் அந்தப் பத்தாண்டுக் கோப்புகளில் அரை மணிநேரமும், அதன் முதல் ஐந்து மாதத்தில் ஒரு மணிநேரமும் பிசகும். 2001இல் ஒரு நேரத்தை வைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது வரிசை. கோப்புறைப் பட்டியல் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெயர்ப்படி அடுக்கினாலும் 1, 10, 2 என்று பக்கங்கள் கலையும். பத்துப் பக்கத்துக்குக் குறைந்த மாதிரிகளில் இது தெரியவே தெரியாது, பன்னிரண்டு பக்க மாதிரி ஒன்று வேண்டும்.

பெயிலானதைத் தானாக மறுபடி ஓட்டும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். இரண்டாம் முறை பாஸானால் அது பாஸ் பட்டியலில் சேரக்கூடாது, தனிப் பட்டியலாக அறிக்கையில் நிற்க வேண்டும். ஒதுக்கி வைக்கும் சோதனைக்குப் பொறுப்பானவரின் பெயரும் இரண்டு வாரக் காலக்கெடுவும் எழுதுங்கள், கெடு தாண்டினால் ஓட்டமே பெயிலாகட்டும்.

எதிர்பார்ப்புக் கோப்புகளைப் புதுப்பித்தல்

ஒரே கட்டளையில் எல்லா எதிர்பார்ப்பையும் புதிய வெளியீட்டால் மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் யாரும் நிரலைத் திருத்தத் துணியமாட்டார்கள். ஆனால் அது சிஐயில் இயங்கக் கூடாது, கையால் மட்டும். நிரல் மாற்றமும் எதிர்பார்ப்பு மாற்றமும் வெவ்வேறு கொமிட்டாக இருந்தால் பார்ப்பவருக்கு எதை வாசிப்பது என்று தெரியும்.

முன்னூறு கோப்பு மாறினால் முன்னூறையும் யாரும் பார்க்கமாட்டார்கள், இருபதைப் பார்த்துவிட்டு மிச்சத்துக்கும் சேர்த்து ஒப்புதல் கொடுப்பார்கள். பிழை உள்ளே வருவது அந்த வழியால்தான். வேறுபாடுகளைக் குழுவாக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். நீங்கிய எழுத்துகள், சேர்ந்த எழுத்துகள் இரண்டையும் சேர்த்து ஒரு கையொப்பமாக்கி, ஒரே கையொப்பம் உள்ளவற்றை ஒன்றாக அடுக்கினால் முன்னூறு வேறுபாடு ஐந்தாறு வகையாக ஒடுங்கும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு கோப்பைப் பழையது, புதியது, வித்தியாசம் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். ஒற்றைக் கோப்பு மட்டும் உள்ள வகையை முதலில் பாருங்கள், எதிர்பாராத உடைவு அனேகமாக அங்கே இருக்கும். பார்ப்பவர் அந்த மொழியை வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சிங்களப் பக்கங்களுக்குச் சிங்களம் வாசிப்பவரைக் கேளுங்கள், உருவம் ஒத்திருக்கிறது என்று ஒப்புதல் போடாதீர்கள்.

தொகுப்பு உண்மையில் பிடிக்கிறதா என்பதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடைத்துப் பார்த்துச் சரிபாருங்கள். வெளியீட்டில் என்எஃப்சி ஆக்கும் வரியை நீக்குங்கள். பின்னத்தை வாசிக்கும் வரியை நீக்குங்கள். பெப்ரவரிக்கு 28 நாள் என்று மாற்றுங்கள். பூச்சிய அகல இணைப்பானை எல்லா மொழியிலும் நீக்க விடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து, எந்தச் சோதனை விழுகிறது, எத்தனை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் விழாவிட்டால் அங்கே ஒரு மாதிரி குறைகிறது. நூற்றுக்கணக்கில் விழுந்தால் கட்டங்கள் சரியாகப் பிரியவில்லை. இரண்டு மூன்று விழுந்து, செய்தியை வாசித்ததும் நீக்கிய வரி எதுவென்று தெரிந்தால் அந்தப் பகுதியை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.